துணிக்கொடிக்காரரின் ஊதா விரிப்பு

எங்கள் இறையியல் கல்லூரியில் தத்துவ மேதைகளுக்குப் பெயர் கிடையாது. பட்டப்பெயர் மட்டும்தான்.

இதற்குக் காரணம், 'நவீன தத்துவமும் கடவுளை அறிதலும்' என்ற பாடத்தை இருபத்தாறு வருடமாக நடத்திவரும் எங்கள் பேராசிரியர். அந்த மேதைகளின் பெயர்கள் நாக்கை மூன்று முறை மடித்தால்தான் வெளியே வரும். ஒரு வருடம் ஒரே மேதையின் பெயரை மாணவர்கள் பதினோரு விதமாக எழுதிவைக்க, பதினோரு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அகமகிழ்ந்து மார்க் போட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்த அன்றைக்கே முடிவு கட்டினார். இனிமேல் பெயர் வேண்டாம், ஆள் என்ன சொன்னார் என்பதை வைத்துக் கூப்பிட்டால் போதும்.

அப்படித்தான் நால்வர் எங்களுக்கு அறிமுகமானார்கள். முதலாமவர் சந்தேகக்காரர். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். தான் சந்தேகப்படுவதை மட்டும் அவரால் சந்தேகப்பட முடியவில்லை. கையில் மிஞ்சிய அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தைத் திரும்பக் கட்டுவதற்குக் கடவுளை ஜாமீனுக்குக் கூப்பிட்டார். அடுத்தவர் கண்ணாடிக்காரர். நாம் எல்லோரும் கழற்ற முடியாத மூக்குக்கண்ணாடியோடு பிறந்திருக்கிறோம், அதில் தெரிவதுதான் நமக்குத் தெரியும், கடவுள் அதில் தெரியமாட்டார் என்றார். சொல்லிவிட்டு, அறிவு என்கிற முன்னறையில் உட்கார்ந்திருந்த கடவுளை மரியாதையாக எழுப்பி, கடமை என்கிற பின்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மூன்றாமவர் நிழல்காரர். கடவுள் என்பது மனிதன் சுவரில் பார்த்த தன்னுடைய நிழல்தான், கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது, அவ்வளவே என்று சொல்லி இரண்டு அறைகளையும் பூட்டினார். நான்காமவர் தாவல்காரர். சாவியைத் தேடிக்கொண்டு நிற்காதே, ஜன்னல் வழியாகக் குதி என்றார். ஒவ்வொருவரும் வந்துபோன பிறகு இறையியலாளர்கள் வீட்டைப் பெருக்கி, நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டு, "இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார்கள். பாடம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு மட்டும் அசல் பெயர் தேவைப்படும். அதற்காக நூலகரிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. இடது பக்கம் பட்டப்பெயர், வலது பக்கம் அசல் பெயர். கேட்டால் பார்த்து எழுதித் தருவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது நான்தான்.

முதலாம் ஆண்டுப் பரீட்சையில் கடைசிக் கேள்வி இப்படி வந்தது: 'வகுப்பில் பார்த்த நால்வரைத் தவிர, நீங்களாகப் படித்த இன்னொரு சிந்தனையாளரைப் பற்றி எழுதுக. மதிப்பெண் 20.' நானாக எதையும் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பேனாவைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். விடுதிக் காப்பாளர் வீட்டுப் பின்புறத்தில் துணிக்கொடி. அதில் ஒரு ஊதாப் படுக்கை விரிப்பு காற்றில் புடைத்துக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

எழுதினேன். துணிக்கொடிக்காரர் என்று ஒரு நவீன சிந்தனையாளர் இருந்தார். காற்றை யாரும் பார்த்ததில்லை, கொடியில் துணி ஆடுவதைத்தான் பார்க்கிறோம் என்பது அவர் கருத்து. பழங்காலத்து மனிதன் கொடி நிறையத் துணி போட்டிருந்தான். ஜெபம், பாட்டு, ஓய்வுநாள், எல்லாம் துணி. நவீன மனிதன் அத்தனையையும் எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, வெறுங்கொடியைப் பார்த்து, காற்றே இல்லை என்கிறான். ஆகவே கடவுளை அறிவது என்றால், முதலில் ஒரு ஈரத்துணியையாவது வெளியே போடுவது. இதில் ஊதா விரிப்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு என்றும், அதை அவருடைய பிற்கால எழுத்துகளில் காணலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். நாலு பக்கம் வந்தது.

பதினெட்டு மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் 'ஆழமான வாசிப்பு' என்று குறிப்பு வேறு.

அடுத்த வருடம் பேராசிரியர், புதிதாக வந்த மாணவர்களுக்குத் துணிக்கொடிக்காரரை ஐந்தாவது ஆளாகவே நடத்திவிட்டார். நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பதினெட்டு மார்க் என் வாழ்க்கையில் அபூர்வம். அதை ஆபத்தில் மாட்டிவிட மனம் வரவில்லை.

அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வரி விடாமல் குறிப்பெடுத்தவள் என் அக்கா. என்னைவிட ஏழு வயது பெரியவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, போதகராகப் போகிறேன் என்று வேலையை விட்டு எங்கள் கல்லூரியிலேயே வந்து சேர்ந்தாள். எனக்கு நாலு வருடப் படிப்பு. ஏற்கெனவே பட்டதாரி என்பதால் அவளுக்கு மூன்று. நான் அங்கே சேர்ந்தது வேறு எங்கும் இடம் கிடைக்காததால். அவள் சேர்ந்தது வேறு எங்கும் இருப்புக் கொள்ளாததால்.

படிப்பு முடிகிற வருடம், ஒரு திங்கட்கிழமை வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பள்ளிச் சீருடை மூட்டைகளுக்கு நடுவே அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தையல்காரி. அன்று மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது சீருடை இல்லை, ஒரு நீளமான வெள்ளை அங்கி.

"அக்காவோட அருட்பொழிவுக்கு" என்றாள். "பதினோரு காஜா எடுத்தாச்சு. பட்டன்தான் பாக்கி. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வுல தேறிட்டு வரட்டும், வைக்கிறேன்."

"இப்பவே வெச்சா என்னம்மா?"

"தேறலைன்னா பிரிக்கணும்ல? வெள்ளைத் துணில பிரிச்ச தடம் அப்படியே தெரியும்டா."

அம்மாவின் கவலைக்குக் காரணம் இருந்தது. எங்கள் சபை விதிப்படி முப்பது வயது முடிவதற்குள் போதகராக அருட்பொழிவு பெற்றாக வேண்டும். அக்காவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் முப்பது முடிகிறது. அருட்பொழிவு வருடத்துக்கு ஒரு முறைதான், அடுத்த மாதம். வியாழக்கிழமை ஆய்வேட்டை ஏற்காவிட்டால் அவள் போதகராவது அத்தோடு சரி.

நான் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றியபடியே மேஜை மேல் கிடந்த ஆய்வேட்டைத் திருப்பிப் பார்த்தேன். நீல அட்டை, தங்க எழுத்து. 'துணிக்கொடிக்காரரின் பார்வையில் கடவுளை அறிதல்.'

தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"ஏன்டா, மெதுவா குடிக்கக் கூடாதா?" என்றபடி அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"எத்தனை பக்கம்க்கா இது?"

"நூத்தி நாப்பது."

"வேற யாரையாவது பத்தி எழுதியிருக்கலாமே? கண்ணாடிக்காரர் நல்ல மனுஷன்."

"அவரைப் பத்தி எல்லாரும் எழுதித் தள்ளிட்டாங்கடா. இவரை யாருமே தொடல."

"தொட முடியாதுக்கா."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வெளியிலேர்ந்து தேர்வாளரா யார் வர்றாங்க?"

"அடிக்குறிப்புப் பேராயர்."

நான் சீருடை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற பேராயர். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் முதலில் அடிக்குறிப்புகளை மட்டும் படிப்பார். அவை சரியாக இருந்தால்தான் மேலே இருப்பதைப் படிப்பார். போன வருடம் ஒரு பக்க எண் தவறாக இருந்ததற்காக ஒரு மாணவனை ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்தவர்.

செவ்வாய்க்கிழமை நூலகரிடம் ஓடினேன். ஒருவேளை, உலகம் பெரியது, அப்படி ஒருவர் நிஜமாகவே எங்காவது இருந்து தொலைத்திருக்கலாம் அல்லவா. நூலகர் நீல நோட்டைப் பிரித்துக் காட்டினார். இடது பக்கம் 'துணிக்கொடிக்காரர்'. வலது பக்கம் பென்சிலில் 'விசாரணையில் உள்ளது'.

"உங்க அக்கா ஆறு தடவை வந்துட்டாங்க தம்பி" என்றார் நூலகர். "நானும் நாலு நூலகத்துக்குக் கடிதம் போட்டேன். ரெண்டு பேர் பதிலே போடல. மத்த ரெண்டு பேரும் 'எங்க பிரதி காணாமப் போயிடுச்சு'ன்னு எழுதியிருக்காங்க."

"காணாமப் போச்சா?"

"எல்லாரும் எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தர்றதில்லை. அவ்வளவு கிராக்கி."

புதன்கிழமை காலை பேராசிரியர் அறைக்குப் போனேன். கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஆனால் வாய் வேறு வழியில் கிளம்பியது.

"ஐயா, துணிக்கொடிக்காரர் எந்த ஊர்க்காரர்?"

"வடக்கே, குளிர் தேசம்" என்றார் தலை நிமிராமல். "சலவைத் தொழிலாளியோட மகன். அப்பாவோட மனஸ்தாபம். நாப்பத்தோரு வயசுல நுரையீரல் சளியில போய்ச் சேர்ந்தார். பாவம், எந்நேரமும் ஈரத்துணிக்கு நடுவுல நின்னா வேற என்ன ஆகும்?"

நான் அந்த மனிதருக்கு அப்பாவே வைக்கவில்லை.

"உங்க அக்கா அருமையா எழுதியிருக்கா" என்று பேராசிரியர் தொடர்ந்தார். "ஊதா விரிப்பைப் பத்தி யாரும் இவ்வளவு யோசிச்சதில்ல. போய் வா."

போய் வந்தேன். நேராக வீட்டு மொட்டைமாடிக்கு. அக்கா துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல உலகத்தில் இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது.

"அக்கா, துணிக்கொடிக்காரர்னு யாரும் கிடையாது. நான்தான் எழுதினேன். பரீட்சையில பதில் தெரியல."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிளிப்பை எடு."

"நிஜமாக்கா."

"உனக்குப் பொறாமைடா. நாலு வருஷம் படிச்சு உருப்படியா ஒரு பக்கம் எழுதல. கிளிப்பை எடுன்னேன்ல?"

கிளிப்புக்குப் பதிலாக விடைத்தாளை நீட்டினேன். இவ்வளவு மார்க் வாங்கிய ஒரே தாள் என்பதால் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தேதியைப் பார்த்தாள். நாலு பக்கமும் படித்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள்.

"இந்த ஊதா விரிப்பு..."

"விடுதிக் காப்பாளர் வீட்டுப் படுக்கை விரிப்பு."

"அது தவக்காலத்தோட குறியீடு, மனந்திரும்புதலோட நிறம்னு இருபத்திரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்டா!"

"அந்த அத்தியாயம் நல்லா இருக்குன்னு பேராசிரியர் சொன்னார்."

ஈரத் துண்டு முகத்தில் விழுந்தது. தொடர்ந்து ஒரு தலையணை உறை, இரண்டு கிளிப்புகள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கை, குறி தப்பவில்லை. அப்புறம் அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். துண்டால் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு வழி இருக்கு" என்றேன். "நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கு. நானே ஒரு மூல நூல் எழுதித் தந்துடறேன். அறுபது பக்கம். பழைய தாள்ல அடிச்சு, டீயில நனைச்சுக் காயவெச்சா நூறு வருஷம் ஆன மாதிரி ஆயிடும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த நூல் அச்சுக்குப் போகாமலே நின்றுபோனது.

"ஆறு வருஷம் ஐசியூவில இருந்தேன்" என்றாள். "தப்பான மருந்து ஏறிடுச்சுன்னா முதல்ல டாக்டர்கிட்ட சொல்லணும். அழறதெல்லாம் அப்புறம். உடனே சொன்னா ஆளைக் காப்பாத்தலாம். மறைச்சா ஆளும் போச்சு, நர்ஸும் போச்சு."

"சொன்னா உன்னைத் தேற விடமாட்டாங்கக்கா."

"தெரியும்." எழுந்து மீதித் துணியை எடுத்தாள். "அம்மாகிட்ட வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். இந்தா, அந்தப் பக்கம் பிடி."

வியாழக்கிழமை பத்து மணி. கல்லூரியின் கூட்ட அறையில் நீள மேஜை, தண்ணீர்க் கூஜா, பார்வையாளர்களுக்கு இரண்டு வரிசை நாற்காலி. மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வர், நடுவில் அடிக்குறிப்புப் பேராயர், ஓரத்தில் எங்கள் பேராசிரியர். பேராயர் ஒல்லியான மனிதர். கூராகச் சீவிய மூன்று பென்சில்களை உயரவாரியாக அடுக்கிவைத்திருந்தார். பார்வையாளர் வரிசையில் நூலகர், விடுதிக் காப்பாளர், நான், இன்னும் சில மாணவர்கள்.

அக்கா எழுந்து நின்றாள். "நீங்க கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் ஐயா. நான் எழுதியிருக்கிற துணிக்கொடிக்காரர் இல்லை."

பேராயர் பென்சிலைக் கீழே வைத்தார். "இறந்துட்டாரா?"

"பிறக்கவே இல்லை, ஐயா."

எங்கள் பேராசிரியர் கூஜாவைப் பிடித்துக்கொண்டார். அக்கா என் விடைத்தாளை மேஜை மேல் வைத்தாள். "என் தம்பி பரீட்சையில பதில் தெரியாம எழுதினது. எனக்கு நேத்து மத்தியானம்தான் தெரியும். தெரிஞ்ச உடனே சொல்ல ஃபோன் பண்ணினேன், நீங்க ரயில்ல இருந்தீங்க."

பேராயர் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் கண்கள் வரிசையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தன.

"ஊதா விரிப்பு?"

எழுந்தேன். "விடுதிக் காப்பாளரோடது, ஐயா."

"அது போன வருஷமே கிழிஞ்சிடுச்சு" என்றார் விடுதிக் காப்பாளர், யாரும் கேட்காமலே.

பேராயர் ஆய்வேட்டைப் புரட்டினார். "எனக்கு ஏதோ ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்தது. மொத்தம் அறுபத்து மூணு அடிக்குறிப்பு. நாப்பத்தொண்ணு 'வகுப்புக் குறிப்பு'. மிச்சம் இருபத்திரெண்டும் 'மேலே காண்க'. நானும் மேலே மேலே பார்த்துக்கிட்டே போனேன். அட்டை வந்துடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை.

"சரிம்மா, உட்காராதீங்க" என்றார். "இங்கே நிழல்காரர்னு ஒருத்தரைப் பாடமா வெச்சிருக்காங்க இல்ல? அவர் இப்ப இந்த அறையில இருந்தா எழுந்து நின்னு கை தட்டுவார். இல்லாத ஒருத்தரை மூணு வருஷம் நம்பியிருக்கீங்க. வகுப்பு நம்பிச்சு, நூலகம் நம்பிச்சு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லியே ஆளை உண்டாக்கிட்டீங்க. கடவுளும் இப்படித்தான் வந்தார்னு அவர் சொன்னா என்ன பதில் சொல்வீங்க? நாளைக்கு ஒரு சபைக்கு முன்னாடி நிக்கப்போறவங்க நீங்க. இந்த ஒரு கேள்விதான். பதில் சொல்லிட்டுப் போங்க."

அக்கா தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

"நேத்துலேர்ந்து நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் ஐயா" என்றாள். "துணிக்கொடிக்காரரோட மூணு வருஷம் பழகியிருக்கேன். தங்கமான மனுஷர். நான் என்ன நினைக்கிறேனோ அதையே அவரும் நினைச்சிருப்பார். நான் எந்தப் பக்கம் போனாலும் கூடவே வருவார். நேத்து யோசிச்சுப் பார்த்தப்பதான் உறைச்சது. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அவர் என்னை 'நீ பண்றது தப்பு'ன்னு சொல்லல."

"கடவுள் சொல்லியிருக்காரா?"

"ஏழாம் நம்பர் படுக்கை, ஐயா."

"புரியல."

"நான் வேலை பார்த்த இடத்துல ஏழாம் நம்பர் படுக்கையில ஒரு ஆள் இருந்தார். லாரி டிரைவர். மாத்திரையைக் கொடுத்தா மூஞ்சியில துப்புவார். பேசினா காது கூசும். ஆறு வாரம். என்னால முடியல. தினமும் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி, என்னை வேற வார்டுக்கு மாத்திடுங்க ஆண்டவரேன்னு ஜெபம் பண்ண உட்காருவேன். அந்த ஜெபத்தை ஒரு நாள்கூட முடிக்க முடியல ஐயா. கண்ணை மூடினா அந்த ஆளோட கால் நகம் வந்து நிக்கும். நீளமா, கறுப்பா, சதைக்குள்ள வளைஞ்சு. யாரும் வெட்டிவிடல. நானும் வெட்டிவிடல. எனக்குத் தேவையில்லாத விஷயம். வேற ஏதாவது காட்டுங்கன்னு கேட்டேன். மறுநாளும் நகம்."

அக்கா டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"ஒரு நாள் கோபத்தோட நகவெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். வெட்டிவிட்டேன். அப்பவும் அந்த ஆள் திட்டினார். நன்றியெல்லாம் சொல்லல. ஒண்ணும் பெரிசா நடக்கல, ஐயா. ஆனா அந்த வேலையில நான் தனியா இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சது. அதுக்கப்புறம்தான் இங்கே வந்து சேர்ந்தேன். கடவுளை நானே உண்டாக்கியிருந்தா, கேட்ட அன்னைக்கே என்னைக் குழந்தைகள் வார்டுக்கு மாத்தியிருப்பார்."

பேராயர் முன்னால் சாய்ந்தார். "அது உங்க மனசாட்சின்னு நிழல்காரர் சொல்வாரே?"

"சொல்லட்டும் ஐயா. இல்லைன்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. முன்னறையில கடவுளைத் தேடாதேன்னு கண்ணாடிக்காரர் சொன்னது சரிதான். நான் அவரைப் பார்த்தது பின்னறையிலதான். கையில நகவெட்டியோட."

பேராயர் மூன்றாவது பென்சிலை எடுத்து, வெகுநேரம் ஏதோ எழுதினார்.

அப்போது எங்கள் பேராசிரியர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "அந்தத் தாளுக்கு மார்க் போட்டவன் நான்" என்றார். "அந்த ஆளை எனக்குத் தெரியல. தெரியலைன்னு ஒரு முதலாமாண்டுப் பையன்கிட்ட ஒத்துக்க வெட்கமா இருந்தது. சரி, நமக்குத் தெரியாம ஒருத்தர் வந்திருக்கார் போலன்னு நடத்த ஆரம்பிச்சுட்டேன்."

"சலவைத் தொழிலாளி மகன், நாப்பத்தோரு வயசுல மரணம். இதெல்லாம்?" பேராயர் இரண்டாம் அத்தியாயத்தைத் தட்டிக் காட்டினார்.

"அடுத்த வருஷத்து விடைத்தாள்கள்ல எழுதியிருந்தாங்க. பன்னிரண்டு பேர், ஒரே மாதிரி. பன்னிரண்டு பேர் எழுதினா சரியாத்தானே இருக்கும்னு..." அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எங்களை வெளியே போகச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டையே பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நூத்திப் பத்து" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுடுக்கா."

"இரு, எண்ணிட்டு இருக்கேன்."

நாடி தொண்ணூற்றாறுக்கு இறங்கியபோது முதல்வர் கதவைத் திறந்தார். தீர்ப்பை நின்றபடியே வாசித்தார். திருத்தங்களுடன் தேர்ச்சி. மூன்று வாரத்துக்குள் ஏழாம் நம்பர் படுக்கையைக் கடைசி அத்தியாயமாக எழுதிச் சேர்க்க வேண்டும். இல்லாத ஒருவரோடு பழகியவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும் என்பதால் பழைய அத்தியாயங்களை நீக்க வேண்டாம், ஊதா விரிப்பு உட்பட. ஆனால் முதல் அடிக்குறிப்பில் மூல ஆசிரியரின் வகுப்பு, தேர்வு எண், ஜன்னல் எந்தத் திசை என்பது வரை முழு விவரம் வேண்டும். கடைசியாக, மூல ஆசிரியரின் பதினெட்டு மார்க் ரத்து. அவர் அந்தத் தேர்வை மறுபடி எழுத வேண்டும்.

அக்கா அப்போதுதான் அழுதாள். டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது அல்லவா.

அடுத்த வாரத்திலிருந்து பேராசிரியர் வகுப்பில் அசல் பெயர்களையே சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெயரைச் சொல்லி முடிக்கப் பாதி வகுப்பு போய்விடுகிறது. நடுவில் யாராவது ஏதாவது கேட்டால், "எனக்குத் தெரியாது, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்கிறார். முதல் தடவை இதைக் கேட்டபோது மாணவர்கள் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மறுதேர்வு எழுதினேன். இந்த முறை ஜன்னல் இல்லாத அறை. கேள்வி ஒன்றுதான்: 'துணிக்கொடிக்காரரின் கருத்தைச் சமீபத்திய ஆய்வின் வெளிச்சத்தில் விளக்குக. மதிப்பெண் 20.' எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் இதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் யார்? ஆறு பக்கம் எழுதினேன்.

ஒன்பது மார்க். தேறுவதற்கு எட்டு. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'மூல ஆசிரியரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.'

தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நியாயம் கேட்கப் போனேன். அம்மா அங்கியை மடியில் போட்டுக்கொண்டு ஒன்பதாவது பட்டனில் இருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சேர்த்து எழுதிய அத்தியாயத்தின் நகலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அநியாயம்க்கா. என்னைப் பத்தி எனக்கே தெரியலைங்கறார்."

தாளை வாங்கி ஆறு பக்கமும் படித்தாள். "சரியாத்தான் போட்டிருக்கார். துணியைப் பத்தி மூணு பக்கம், கொடியைப் பத்தி மூணு பக்கம். காத்தைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"நீ யார் பக்கம்?"

"ஒரு மார்க் அதிகமாவே போட்டிருக்கார்."

"ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு யாராவது இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க" என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு பட்டன்தான்."

நான் வாங்கினேன். நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோக்கப் பார்த்தேன். நாலு தடவையும் ஊசிக்குப் பக்கத்தில் போனது, உள்ளே போகவில்லை. அக்கா என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரே தடவையில் கோத்து அம்மாவிடம் நீட்டினாள்.